உடைந்த பீங்கானும் உடையாத உறவும்

நம் வீட்டுச் சுவரில் மின்கணக்கி பொருத்திய பலகையைச் சற்றே உற்றுநோக்குவோம். வீடு கொஞ்சம் பழையதாயின், அங்கே வெண்பீங்கானால் ஆன பியூஸ் கட்டை ஒன்று இருக்கும். விளக்கு அணைந்த இரவுகளில் அதைக் கழற்றி, புதுக்கம்பி கட்டி, மீண்டும் பொருத்தியவர்கள் நம்மில் பலர். அந்தக் கட்டை எங்கே பிறந்தது என்று நாம் கேட்டதில்லை. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த விருத்தாசலத்தில் பிறந்திருக்கக் கூடும்.

மணிமுத்தாற்றின் கரையில், பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் முன்னோர் அழைத்த ஊர் அது. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைகளுக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு. அருகே நெய்வேலி, அங்கே நிலக்கரிக்கு மேலமைந்த மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. மண்ணும் எரிபொருளும் போக்குவரத்தும் அருகருகே அமைந்த இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. அத்தொழிலைக் கற்பிக்கும் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே உண்டு. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாதனங்களுக்கான பியூஸ் கட்டைகள், இன்சுலேட்டர்கள் என்று சிறுசிறு பட்டறைகளிலிருந்து பொருள்கள் வெளியூர்களுக்குச் செல்கின்றன.

எனினும் நாம் இங்கே எழுதப் புகுந்தது பொருள்களைப் பற்றியன்று. அவற்றை ஆக்கும் மனிதர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர், அப்பழக்கத்தால் எவ்வாறு உயர்கின்றனர் அல்லது தாழ்கின்றனர் என்பதைப் பற்றியே.

நம் பங்குக் குடும்பங்களில் டிப்ளமோவோ பட்டமோ பெற்று வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று பலர். "வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "வேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்கள்தாம் சரியில்லை" என்ற மறுமொழியே பெரும்பாலும் வருகிறது. வேலை கடினம் என்று விலகுவோர் சிலர். மனிதர் கடினம் என்று விலகுவோர் பலர். பள்ளியிலும் கல்லூரியிலும் வேலையைக் கற்பிக்கின்றனர். மேலாளரோடும் கீழுள்ளாரோடும் பக்கத்து மேசைக்காரரோடும் பழகும் வகையை யார் கற்பிக்கின்றனர்? அதைக் கற்க விருத்தாசலத்துச் சூளை ஒரு நல்ல பள்ளி என்பது நம் எண்ணம்.

பல கைகள், ஒரு பொருள்

பீங்கான் பொருள் ஒன்று உருவாகும் வழியைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகியவற்றை அளவாகக் கூட்டி, பால் மில் எனப்படும் உருளையில் நீருடன் இட்டு மணிக்கணக்கில் அரைக்கின்றனர். அரைத்த குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்க்கின்றனர்; அல்லது நீர் நீக்கிய களியை அழுத்தியோ கடைந்தோ உருவம் தருகின்றனர். பிறகு நிழலில் உலர்த்துகின்றனர். உலர்ந்ததைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, ஓரங்களைச் செம்மை செய்கின்றனர். அதன்மேல் கிளேஸ் எனப்படும் மெருகுக் குழம்பைப் பூசுகின்றனர். ஒருவர் சூளையில் அடுக்குகிறார், ஒருவர் தீ மூட்டுகிறார், ஒருவர் இறக்குகிறார், கடைசியில் ஒருவர் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது என்று பிரிக்கிறார்.

இத்தொழிலின் ஒரு தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பிழை நேரும் இடம் ஒன்று. அது வெளிப்படும் இடம் மற்றொன்று. அரைத்தவர் அளவு தவறினால் அன்று தெரியாது. உலர்த்தியவர் அவசரப்பட்டு வெயிலில் வைத்திருந்தால், அதுவும் அன்று தெரியாது. சுட்ட பிறகே, பல நாள்கள் கடந்தே, விரிசல் கண்ணுக்குப் படும். அப்போது பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவர்மேல்தான் பழி முதலில் விழும்.

அலுவலகமாயினும் வங்கியாயினும் துணிக்கடையாயினும் நிலைமை இதுவே அன்றோ? கணக்கெழுதியவர் செய்த பிழை பணம் கொடுப்பவர் மேசையில் வெளிப்படுகிறது. விற்பனையாளர் அளித்த பொய் வாக்குறுதி, பழுது பார்க்கச் செல்பவரின் தலையில் விழுகிறது. பணியிடத்துச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் எழுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் இளைஞரின் முதலாண்டு

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் செராமிக் டிப்ளமோ முடித்து, சிறிய இன்சுலேட்டர் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். தந்தை இல்லை, தாயும் தங்கையும் அவர் சம்பளத்தை நம்பியிருந்தனர். அறிவாளி, உழைப்பாளி, நாணயமானவர். குறை ஒன்றே: தமக்குத் தெரிந்தது மற்றவர்க்குத் தெரியாது என்ற எண்ணம்.

அப்பட்டறையில் சூளை பார்ப்பவர் ஒரு முதியவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவே. ஆனால் சூளையின் பார்வைத் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே, "இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்" என்று சொல்லக்கூடியவர். இளைஞர் அவரிடம் வெப்பமானியைக் காட்டிப் பேசுவார். பெரியவர் புன்னகையோடு தலையசைப்பார்.

ஒருமுறை வெளியூர் வணிகர் ஒருவருக்குக் குறித்த நாளில் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. லாரி வாயிலில் வந்து நின்றது. சூளையைத் திறந்தபோது, அடுக்கியிருந்த இன்சுலேட்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிந்து கிடந்தது. இளைஞருக்குத் தலை சுற்றியது. முதலாளி கேட்பாரே என்ற அச்சம் சினமாக மாறியது. வேலையாட்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, "உங்களுக்கு அடுக்கவும் தெரியவில்லை, நெருப்பு வைக்கவும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் என்னதான் செய்தீர்கள்?" என்று பெரியவரைக் கடிந்துகொண்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே சென்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அடுத்த சூளை மூட்ட ஆளில்லை. பெரியவரோடு உடன் வேலை செய்தோர் கேட்டதற்கு மட்டும் விடையளித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டனர். "இந்த வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், அம்மா" என்று இளைஞர் அன்றிரவு தாயிடம் சொன்னார்.

விரிசல் பேசிய உண்மை

பட்டறை முதலாளி பொறுமைசாலி. இளைஞரை அழைத்து, விரிந்த இன்சுலேட்டர் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "தம்பி, யார் செய்தது என்பது இருக்கட்டும். இது எப்போது விரிந்தது என்று முதலில் சொல்லுங்கள்" என்றார்.

இங்கே தொழில் நுணுக்கம் ஒன்றை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மெருகிட்ட பீங்கானில் உள்ள விரிசலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் அது எப்போது தோன்றியது என்பது ஓரளவு விளங்கும். உலரும்போதோ, சூடேறும்போதோ விரிந்திருந்தால், பின்னர் உருகிய மெருகு அவ்விரிசலின் ஓரங்களில் படிந்து அவற்றை வழவழப்பாக்கியிருக்கும். சுட்டு முடித்துக் குளிரும்போது விரிந்திருந்தால், மெருகு அதற்குமுன்பே இறுகிப் போயிருக்கும். ஆகவே விரிசலின் ஓரம் கண்ணாடித் துண்டுபோல் கூர்மையாக இருக்கும்.

இளைஞர் தடவிப் பார்த்தார். ஓரம் விரலைக் கீறியது.

பீங்கான் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சுமார் 573 டிகிரி செல்சியஸில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடேறும்போது அந்த நிலையில் திடீரென விரியும். குளிரும்போது திடீரெனச் சுருங்கும். ஆதலால் அந்த வெப்பநிலையைச் சூளை மிக மெதுவாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்காற்றை உள்ளே விட்டால், கனத்த பொருள்கள் தாங்காமல் விரிந்துவிடும். 573 என்ற எண்ணை அவ்விளைஞர் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர். லாரி வருகிறது என்ற பரபரப்பில், சூளை வாயிலை அடைத்திருந்த செங்கற்களை முன்னதாகவே எடுக்கச் சொன்னவரும் அவரே!

இளைஞர் அன்று மாலையே பெரியவரின் வீட்டுக்குச் சென்றார். "பெரியவரே, தவறு என்னுடையது. நான்தான் முன்னதாகத் திறக்கச் சொன்னேன். உங்களைப் பழித்துவிட்டேன்" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, என்மேலும் தவறு உண்டு. நீங்கள் கல்லை எடுக்கச் சொன்னபோதே 'வேண்டாம்' என்று என் மனம் சொல்லிற்று. படித்த பிள்ளை சொல்கிறார், நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குப் பேசியிருந்தால் அவ்வளவு சரக்கும் பிழைத்திருக்கும்."

மறுநாள் பட்டறையில், எத்தனை பேர் முன்னிலையில் கடிந்துகொண்டாரோ அத்தனை பேர் முன்னிலையிலும் இளைஞர் அதைத் திரும்பச் சொன்னார். வீட்டுக்குள் கேட்கும் மன்னிப்பு, பொதுவில் இழைத்த அவமதிப்பை ஈடு செய்யாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அன்று மாலை பெரியவர் சூளை மூட்டினார்.

"யார்?" என்பதற்கு முன் "எப்போது, எப்படி?"

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு.

முதலாவது, பணியிடத்தில் பிழை நேர்ந்தவுடன் நம் நாவில் எழும் கேள்வி "யார் செய்தது?" என்பது. அந்தக் கேள்வி பிறந்த கணமே சுற்றியிருப்போர் யாவரும் தம்மைக் காத்துக்கொள்ள முனைகின்றனர், உண்மை ஒளிந்துகொள்கிறது. "எப்போது நேர்ந்தது? எப்படி நேர்ந்தது?" என்று கேட்டால், அதே மனிதர்கள் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல முன்வருகின்றனர். ஆள் யார் என்பது கடைசியில் தானே விளங்கும். சில வேளை, கேள்வி கேட்டவரே அந்த ஆளாக இருப்பார்.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. மேலுள்ளவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கூடாது என்பதை மரியாதை என்று நாம் எண்ணி வளர்ந்திருக்கிறோம். ஆனால் அறிந்த உண்மையை அடக்கிக்கொள்வது மரியாதையாகாது. "ஐயா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். ஆனால் இப்படிச் செய்தால் இன்ன தீங்கு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது" என்று பணிவோடு சொல்வதே உண்மையான மரியாதை. கீழுள்ளவர் அவ்வாறு சொல்லத் துணியும்படி நடந்துகொள்வது மேலுள்ளவரின் கடமை. முதன்முதலில் "வேண்டாம்" என்று சொன்னவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பட்டறை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அவமதிக்கப்பட்டால், இரண்டாம் முறை எவரும் வாய் திறவார்.

கியோட்டோ நகரில் மூன்று நாள்கள்

இதே பீங்கான் தொழிலில் உலகப் புகழ் பெற்ற ஒருவரும் இப்பாடத்தை வருந்தித்தான் கற்றார். அவர் ஜப்பான் நாட்டு இனமோரி கசுவோ. 1932இல் ககோஷிமாவில் பிறந்த அவர், 1955இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, கியோட்டோ நகரில் இன்சுலேட்டர் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். நலிந்துபோன நிறுவனம், சம்பளமே காலத்தில் வருவதில்லை. உடன் சேர்ந்த இளைஞர்கள் ஒவ்வொருவராய் விலகினர். அவரும் விலக எண்ணி, வழி அமையாமல் தங்கினார். தங்கிய பிறகு குறைகூறுவதை நிறுத்தினார். ஆய்வுக்கூடத்திலேயே உண்டு உறங்கி, புதுவகைப் பீங்கானை உருவாக்கும் வேலையில் ஆழ்ந்தார். அந்த ஆய்வே அவருடைய பிற்கால வாழ்வுக்கு அடித்தளமாயிற்று.

பின்னர் மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டு 1958இல் விலகினார். 1959இல், தம்மை நம்பி வந்த சக பணியாளர்களோடு சேர்ந்து கியோட்டோ செராமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கியோசெரா என உலகம் அறிவது அதுவே. தொடக்கத்தில் இருந்தோர் 28 பேர்.

1961இல் இளம் தொழிலாளர் பதினொருவர் ஒன்றுகூடி அவர்முன் வந்து நின்றனர். ஆண்டுதோறும் ஊதிய உயர்வுக்கும் போனசுக்கும் உறுதி தர வேண்டும், இல்லையேல் விலகிவிடுவோம் என்றனர். நிறுவனமோ பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆன குழந்தை. நாளை என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியாது. தர முடியாததைத் தருவதாக அவர் வாக்களிக்கவில்லை. வெளியே போங்கள் என்றும் சொல்லவில்லை. தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, மூன்று நாள்கள் அவர்களோடு பேசினார். இறுதியில் அவர்கள் தங்கினர்.

அவர்கள் தங்கிவிட்டாலும் இனமோரிக்கு மன அமைதி இல்லை. தம் தொழில்நுட்பத் திறமையை உலகுக்குக் காட்டவே நிறுவனம் தொடங்கியதாக அதுவரை எண்ணியிருந்தார். இந்த இளைஞர்களோ தங்கள் வாழ்வையே தம் கையில் ஒப்படைத்திருக்கின்றனர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதன்பின், பணியாளர் அனைவரின் பொருள்வாழ்வும் மனவாழ்வும் உயர வழி செய்வதே நிறுவனத்தின் முதல் நோக்கம் என வகுத்துக்கொண்டார். பிற்காலத்தில், 2010இல் நொடித்துப்போன ஜப்பான் விமான நிறுவனத்தை மீட்கும் பொறுப்பைத் தம் முதுமையில் ஊதியமின்றி ஏற்றார்; 2012இல் அது மீண்டும் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2022இல் இனமோரி மறைந்தார்.

அவர் அடிக்கடி எடுத்துரைத்த கணக்கு ஒன்று உண்டு. வாழ்விலும் வேலையிலும் ஒருவர் அடையும் பயன், அவருடைய மனப்பான்மை, உழைப்பு, திறமை ஆகிய மூன்றையும் பெருக்கிய தொகை என்பார். உழைப்புக்கும் திறமைக்கும் பூச்சியம் முதல் நூறு வரை மதிப்பு. மனப்பான்மைக்கு மட்டும் எதிர்மறை நூறு முதல் நூறு வரை. பெருக்கல் கணக்காதலால், மனப்பான்மை எதிர்மறையானால் எவ்வளவு திறமை இருந்தாலும் விடையும் எதிர்மறையே. திறமைசாலி ஒருவர் இருக்கும் இடமெல்லாம் பூசல் விளைவதை நாம் கண்டிருக்கிறோம். இக்கணக்கு அதை விளக்கிவிடுகிறது.

தொழிலில் வளர்வது எவ்வாறு?

உறவு நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. தொழிலறிவும் ஆண்டுதோறும் வளர வேண்டும். அதற்குச் சில வழிகளைச் சொல்வோம்.

ஒன்று, குறிப்பேடு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் (1730–1795), 1759இலேயே தம் சோதனைகளை எண்ணிட்டு எழுதும் ஏட்டைத் தொடங்கிவிட்டார். எந்தக் கலவை, சூளையில் எந்த இடம், என்ன விளைவு என்று தவறிய சோதனைகளையும் விடாமல் குறித்தார். நினைவு நமக்குச் சாதகமாகப் பேசும். ஏடு உண்மையைப் பேசும். எழுதி வைக்கும் பழக்கமுள்ள பணியாளருக்குப் பிறர்மேல் பழி போடவும் தேவையில்லை, பிறர் போடும் பழிக்கு அஞ்சவும் தேவையில்லை.

இரண்டு, நம் குறையை அறிந்து, அது நிறைவாயுள்ள ஒருவரோடு சேர்தல். வெட்ஜ்வுட் மண்ணையும் நெருப்பையும் அறிந்தவர். 1762இல் லிவர்பூலில் அவர் சந்தித்த தாமஸ் பென்ட்லி என்ற வணிகரோ பழங்கலைகளையும் செல்வர்களின் சுவையையும் விற்கும் நெறியையும் அறிந்தவர். இருவரும் கூட்டாளிகளாயினர், 1780இல் பென்ட்லி இறக்கும்வரை அக்கூட்டு நிலைத்தது. நம்மைப் போன்றவரையே நண்பராக்கிக்கொள்வது எளிது. நம்மிடம் இல்லாததை உடையவரைப் போட்டியாளராகக் கருதாமல் துணையாகக் கொள்வதுதான் வளர்ச்சி.

மூன்று, அடுத்த மேசையின் வேலையையும் அறிதல். மெருகு பூசுபவர் சூளை வேலையையும், சூளை பார்ப்பவர் கலவை வேலையையும் ஓரளவேனும் கற்றால், பிறர் துன்பம் விளங்கும். பொறுப்பு உயரும்போது கைகொடுக்கும். "அது என் வேலை அல்ல" என்று சொல்பவர் பத்தாண்டு கழித்தும் அதே மேசையில் இருப்பார்.

நான்கு, விலகும் முறை. சில இடங்களிலிருந்து விலகத்தான் வேண்டும். ஊதியம் நியாயமற்றதாயினும், கற்பதற்கு இனி ஒன்றும் இல்லையாயினும், பொய்க்கணக்கு எழுதச் சொன்னாலும் விலகுவது தவறன்று. ஆனால் சினம் எழுந்த அன்றே விலக வேண்டாம். சினம் ஆறிய பின்னும் காரணம் நிலைத்திருந்தால், முறைப்படி அறிவித்து, கையிலுள்ள வேலையை முடித்து, அடுத்து வருபவருக்குக் கற்பித்துவிட்டு விலகுவோம். விருத்தாசலம் போன்ற தொழிலூரில் எல்லாப் பட்டறைக்காரரும் ஒருவரையொருவர் அறிவர். நாம் சென்ற விதம், நாம் சேருமுன்பே அடுத்த இடத்தைச் சென்றடைந்துவிடும்.

இனிய சொல் மட்டும் போதாது

உறவைப் பற்றிப் பேசும்போது, எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் பொறுமைமேல் ஏற்றிவிடுவது நேர்மையன்று. முதலாளியும் மேலாளரும் காட்ட வேண்டிய அன்பு, இனிய சொல்லோடு நின்றுவிடலாகாது.

பீங்கான் பட்டறையில் பறக்கும் நுண்ணிய தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி, சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் நீர் தெளித்துத் துடைப்பதும், தூசியை உறிஞ்சும் அமைப்பும், தகுந்த முகக்கவசமும் வாங்கும் செலவு, தீபாவளி இனிப்புப் பொட்டலத்தைவிட முதன்மையானது.

பொம்மைக்கு வண்ணம் தீட்டவும், ஓரம் சீவவும் பெண்கள் வருகின்றனர். "நம் வீட்டுப் பெண்கள் மாதிரி" என்று சொல்வது நல்லதே. சட்டம் அதற்கு மேலும் கேட்கிறது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதைவிடச் சிறிய பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது பொது விதி. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்க இடமுண்டு. வெட்கத்தாலும் வேலை போய்விடும் என்ற அச்சத்தாலும் நம் பெண் மக்கள் வாய்மூடியிருக்கக் கூடாது. பெற்றோர் இதை அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

சிறு பட்டறைக்காரருக்கும் ஒரு துயரம் உண்டு. சரக்கை வாங்கிய பெருவணிகர் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். அந்தச் சுமை கடைசியில் தொழிலாளியின் வாரக்கூலியில் வந்து விழும். சிறு, குறுந்தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்துமூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. மீறினால் வட்டி சேரும். முறைப்படி பதிவு செய்துகொண்ட பட்டறைக்காரர் இதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடவும் வழியுண்டு. வணிக உறவு கெடுமே என்று சிலர் தயங்குகின்றனர். முதல் நாளே பணம் தரும் நாளை எழுத்தில் குறித்துவிட்டால், பிற்காலத்தில் முகம் முறிய வேண்டிய தேவையே எழாது.

வீட்டின் பங்கு

நிறைவாக, பெற்றோருக்கும் இல்லத்தரசியர்க்கும் ஒரு சொல்.

வேலையிலிருந்து மகனோ கணவரோ முகம் வாடி வீடு திரும்பும்போது, நாம் சொல்லும் முதற்சொல் மிக முக்கியமானது. "அந்த ஆள் யார், உன்னைச் சொல்ல? நாளைக்கே வேலையை விட்டுவிடு" என்று நாம் கொதித்தெழுந்தால், அது அன்புபோல் தோன்றும், உண்மையில் எரியும் சூளையின் வாயிலை அவசரமாகத் திறப்பதற்கு ஒப்பாகும். "உன்மேல்தான் தவறு இருக்கும், அடங்கிப் போ" என்று சொன்னாலோ, அவர் மறுமுறை நம்மிடம் வாய் திறவார்.

நாம் சொன்ன அவ்விளைஞரின் தாய் என்ன செய்தார் தெரியுமா? "வேலையை விடப் போகிறேன்" என்று மகன் சொன்னபோது, அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சோறு பரிமாறினார். மகன் உண்டு முடித்த பிறகு, "அந்தப் பெரியவர் இன்றைக்குச் சாப்பிட்டிருப்பாரா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். அன்றிரவு உறக்கமே வரவில்லை என்று இளைஞர் நம்மிடம் சொன்னார். முதலாளி மறுநாள் விரிந்த இன்சுலேட்டரைக் கையில் கொடுத்தபோது உண்மையைக் காணும் மனநிலையில் அவர் இருந்தாரென்றால், அதற்குக் காரணம் அந்தத் தாயின் கேள்வியே.

அவ்விளைஞர் இப்போது அதே தொழிலில் மேலும் உயர்ந்த பொறுப்பில் இருக்கிறார். அவருடைய மேசையின்மேல் கூர்மையான ஓரமுடைய விரிந்த இன்சுலேட்டர் ஒன்று இன்னும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதைத் தடவிப் பார்க்கச் சொல்கிறாராம். சூளையின் பொறுப்பையோ, பெரியவரிடம் வேலை கற்ற மற்றொருவர் ஏற்றிருக்கிறார். வாயிலைத் திறக்கும் முன், "திறக்கலாமா?" என்று இவர் அவரைக் கேட்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், தம்பி" என்று அவர் சொன்னால், லாரி வாயிலில் காத்திருந்தாலும், இவரும் காத்திருக்கிறார்.